நிற்கத் தெரிந்த வண்டி

டுரியான் துங்காலில் அந்தப் பச்சை நிற மோரிஸ் மைனர் மகிழுந்தை அறியாதவர் குறைவு. முன்பு தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா ஒருவரின் வண்டி அது. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்துவிட்டது. லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தாத்தாவின் வண்டி மட்டும் மாறவில்லை. தோட்டத்துப் பெண்களுக்குப் பிரசவ வலி வந்தால் நள்ளிரவிலும் மருத்துவமனைக்கு ஓடிய வண்டி அது. அதனால் அதில் ஓர் ஆணியை மாற்றவும் அவர் சம்மதிப்பதில்லை.

ஒரு நாள் மாலை, கனத்த மழை. தாத்தா பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார். முன்னால் சென்ற மோட்டார் சைக்கிள் சட்டென்று நின்றது. தாத்தா பிரேக்கை அழுத்தி மிதித்தார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோரப் புல்தரையில் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால், பேத்தியின் கை நடுங்கியது. அன்றிரவு தாத்தா சரியாக உறங்கவில்லை.

மறுநாள் வண்டி பட்டறைக்குச் சென்றது.

"ஐயா, இது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து உரசித்தான் வண்டி நிற்கிறது. உள்ளே தண்ணீர் புகுந்தால் பிடிமானம் குறையும். ஒரு சக்கரம் பிடித்து மற்றொன்று பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் பிடிமானம் தளரும்," என்றார் பட்டறைக்காரர்.

டிஸ்க் பிரேக் திறந்த அமைப்புடையது. சுழலும் வட்டத் தகட்டை இரு பக்கமும் பட்டைகள் இறுகப் பிடிக்கின்றன. காற்றுப் படுவதால் சூடு விரைவில் தணியும்; தகட்டில் படும் நீரும் சுழற்சியில் சிதறிவிடும். 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வென்றபோது உலகமே அதன் ஆற்றலைக் கண்டது. மோரிஸ் மைனரோ அதற்கு முன்பே, 1948-இல் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அவ்வண்டி, பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து என்ற பெருமை பெற்றது.

"மாற்றிவிட்டால் இது பழைய வண்டியாக இருக்குமா, தம்பி?" தாத்தா தயக்கத்துடன் கேட்டார்.

"முன் சக்கரங்களில் மட்டும் மாற்றலாம், ஐயா. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், பெரும்பகுதி வேலை அங்கேதான் நடக்கிறது. கைப்பிரேக் இயங்கும் பின் டிரம்கள் அப்படியே இருக்கட்டும். எண்ணெய்க் குழாய்களையும் புதுப்பிக்க வேண்டும். எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் பிடிக்காமல் போகும். ஆனால், முதலில் ஜே.பி.ஜே.யிடம் கேட்டு ஒப்புதல் பெறுங்கள்."

தாத்தா பேசாமல் நின்றார். பேத்தி மெல்லச் சொன்னாள்: "தாத்தா, அன்றைக்கு நீங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததால்தானே இந்த வண்டிக்குப் பெருமை?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. ஒப்புதல் கிடைத்ததும் வேலை தொடங்கியது.

வேலை முடிந்ததும், ஆள் நடமாட்டமில்லாத பாதையில் தாத்தா வண்டியை மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்தார். முன்பைவிட மிதியைச் சற்று அழுத்த வேண்டியிருந்தது. ஆனால், வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது.

கழற்றிய பழைய டிரம்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார் தாத்தா. பிறகு, பின் இருக்கையில் அமர்ந்திருந்த பேத்தியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "முன்னால் வந்து உட்காரம்மா. வார்ப்பட்டையை மறக்காமல் போட்டுக்கொள்."