புள்ளலூருக்கு ஒரு நாள்

"வருகிற ஞாயிற்றுக்கிழமை புள்ளலூர் போகலாம்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அங்கே என்ன சுவாமி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "பார்க்க என்ன இருக்கு?" என்று குழந்தைகள் கேட்பார்கள். "வயல் இருக்கிறது, பழைய கல் ஸ்தூபிகள் இரண்டு இருக்கின்றன" என்று உள்ளதைச் சொன்னீர்களோ, வண்டி மகாபலிபுரத்துக்குத்தான் போகும்!

ஆகையால் உள்ளதையே வேறு விதமாகச் சொல்ல வேண்டும். "மகேந்திர பல்லவரின் படை மோதிய இடம், ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் பட்டாளத்தை வளைத்துப் பிடித்த இடம், எல்லாம் ஒரே ஊர். காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து விடலாம்" என்று சொல்லுங்கள். காஞ்சீபுரம் பட்டுக் கடைகள் பக்கத்தில்தான் என்பதையும் மெதுவாகச் சேர்த்துக் கொள்ளலாம். இதில் பொய் ஒன்றும் இல்லை. காஞ்சீபுரத்துக்கு வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது புள்ளலூர். வெள்ளைக்காரர்கள் எழுதிய சரித்திரங்களில் 'பொள்ளிலூர்' என்று இருக்கும்.

கோவிலுக்குப் போனால் கோபுரமும் சிற்பமும் தாமே பேசும். யுத்தகளம் பேசாது. கதையை நாம்தான் கொண்டு போக வேண்டும். புளியோதரையையும் தயிர் சாதத்தையும் கட்டுவதற்கு முன்னால் கதையைக் கட்டிக் கொள்ளுங்கள்.

முதல் கதை ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மகேந்திரரையும் புலிகேசியையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புள்ளலூரில் மகேந்திரவர்மர் தம்முடைய முக்கியமான பகைவர்களை அழித்தார் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. சளுக்கர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டோ, பல்லவ மன்னரைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளச் செய்ததாகப் பெருமை பேசுகிறது. அது 634-ல் வெட்டப்பட்டது. ஆக, இரு தரப்பாருக்கும் வெற்றி! மத்தவிலாசம் என்ற வேடிக்கை நாடகத்தை எழுதியவர் அல்லவா மகேந்திரர்? இரண்டு சாசனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அவரே சிரித்திருப்பார்.

இரண்டாவது கதையில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. 1780-ம் வருஷம் ஹைதர் அலி மலைக் கணவாய்களைத் தாண்டிப் பெரும் படையுடன் ஆற்காட்டுச் சீமையில் இறங்கினார். கும்பினியின் சேனாதிபதி ஸர் ஹெக்டர் மன்றோ ஐயாயிரம் பேருக்கு மேற்பட்ட சைன்யத்துடன் காஞ்சீபுரத்தில் இருந்தார். (சென்னைத் தீவுத் திடலுக்கு அருகே குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ இவரல்ல, அவர் தாமஸ் மன்றோ.) கர்னல் பெய்லி என்பவர் குண்டூர்ப் பக்கத்திலிருந்து சுமார் 2,800 பேருடன் வந்து அவரோடு சேர்ந்து கொள்ள வேண்டும். அதுதான் ஏற்பாடு.

பெய்லி ஆகஸ்டு 25-ந் தேதி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். அன்று ராத்திரி மழை பிடித்துக் கொண்டது. ஆறு பெருகி விட்டது. பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அக்கரையைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. (இதே ஆற்றைப் பூண்டியில் மறித்துத்தான் 1944-லிருந்து சென்னைவாசிகள் குடிக்கிறோம்.) ஒருவழியாக ஆற்றைத் தாண்டி வந்தவரைச் செப்டம்பர் 6-ந் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு வழி மறித்தார். பெய்லி சமாளித்து விட்டார். ஆனால் மேலே நகர முடியவில்லை. "உதவிக்கு வாருங்கள்" என்று மன்றோவுக்குச் சேதி போயிற்று. காஞ்சியில் இருந்த பீரங்கிகளையும் தானியத்தையும் விட்டு வர மன்றோவுக்கு மனமில்லை. கர்னல் பிளெட்சரோடு ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார்.

9-ந் தேதி ராத்திரி எல்லோரும் காஞ்சியை நோக்கிப் புறப்பட்டார்கள். இன்னும் சில மைல் நடந்தால் போதும். பெய்லி என்ன நினைத்தாரோ, விடியட்டும் என்று நடு வழியில் நிறுத்தி விட்டார். ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி. இப்போது இன்னொரு ராத்திரி. விடிந்தபோது ஹைதரும் திப்புவும் சுற்றிலும் இருந்தார்கள். பீரங்கிகளோடு, மைசூர்க்காரர்களுக்கே உரிய இரும்புக் குழாய் ராக்கெட்டுகளும் பறந்தன. நடுவில் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. மூட்டை முடிச்சுகளோடு வந்த பரிவார ஜனங்கள் பயந்து போய் அணிவகுப்புக்குள்ளேயே புகுந்து விட்டார்கள். பெய்லி சரணடைந்தார்.

அன்று காலை மன்றோவும் காஞ்சியிலிருந்து கிளம்பித்தான் இருந்தார். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது, புகையும் தெரிந்தது. அப்புறம் வழியில் காயம்பட்ட சிப்பாய் ஒருவன் எதிர்ப்பட்டு, எல்லாம் முடிந்தது என்று சொன்னான். மன்றோ திரும்பினார். பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். எதற்காக நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாரோ, அந்தப் பீரங்கிகளை!

கதை கையில் இருக்கிறதா? இனி வழியைப் பார்ப்போம். எல்லோரும் நேரே காஞ்சீபுரம் போய் அங்கிருந்து புள்ளலூர் வரலாம் என்பார்கள். வேண்டாம். காஞ்சீபுரத்தில் முதலில் இறங்கினால் பட்டுக் கடையில் ஏறுவீர்கள். பிறகு புள்ளலூராவது, புலிகேசியாவது! பெய்லி வந்த திசையிலேயே வாருங்கள். சென்ட்ரலிலிருந்து காலை மின்சார ரயிலில் திருவள்ளூர், அங்கே ஒரு வாடகைக் காரை அமர்த்திக் கொண்டு பேரம்பாக்கம், அங்கிருந்து தெற்கே புள்ளலூர், முடிவில் காஞ்சீபுரம். பேரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கூவம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. பாடல் பெற்ற ஸ்தலம். சென்னையில் மூக்கைப் பிடித்துக் கொண்டு நாம் தாண்டுகிற ஆற்றின் பெயர் எவ்வளவு கௌரவமான இடத்திலிருந்து வந்தது என்று மாமியார் மகிழ்ந்து போவார்.

பொங்கலுக்குப் பிறகு, அறுவடை முடிந்த சமயம் நல்லது. வெயிலும் கடுமையாக இராது, வரப்பில் நடக்கலாம். குடையும் குடிதண்ணீரும் அவசியம். பட்டுப் புடவை கட்டிக் கொண்டு வர வேண்டாம், வாங்கத்தானே போகிறோம்.

புள்ளலூரில் ஸ்தூபிகள் எங்கே என்று கேட்டுக் கொண்டு போங்கள். இரண்டும் 1780-ம் வருஷத்துப் படுதோல்விக்கு எழுப்பியவை அல்ல. மறு வருஷம், 1781 ஆகஸ்டு 27-ந் தேதி, ஸர் அயர் கூட் என்ற தளபதி இதே இடத்தில் ஹைதருடன் மோதினார். முந்தின வருஷம் ஜெயித்த ராசியான இடம் என்று ஹைதர் நினைத்தாராம். கூட்டின் படை வந்து நின்றபோது, பெய்லியின் ஆட்களுடைய எலும்புகள் இன்னும் வயலில் கிடந்தன. அன்றைய சண்டையிலும் முடிவு தெளிவாக இல்லை. அதில் உயிர் விட்ட கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு ஒரு ஸ்தூபி, காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கு ஒரு ஸ்தூபி.

அந்த இரண்டு பெயர்களையும் படித்து விட்டுச் சுற்றிலும் பாருங்கள். பெய்லியின் படையில் 86 வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களில் 36 பேர் மாண்டார்கள் என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ல் இறந்தார். அவருக்கும் அங்கே நினைவு மண்டபம் உண்டு. ஜெயித்த பக்கத்தாருக்கோ சித்திரமே இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்த யுத்தத்தைத் திப்பு வரையச் செய்தார். பல்லக்கில் பெய்லி, சதுரமாக நிற்கும் படை, வெடிக்கும் மருந்து வண்டி எல்லாம் அதில் உண்டு. ஆனால் பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். எதிரே வந்து விழுந்தவர்களும் நம் நாட்டவர்தான். புள்ளலூரில் அவர்களில் ஒருவனுக்கும் கல் இல்லை. மன்றோவுக்குச் சேதி சொன்னானே, அந்தக் காயம்பட்ட சிப்பாய், அவன் பெயரும் நமக்குத் தெரியாது. எந்த ஊர்க்காரனோ? வீட்டில் யார் காத்திருந்தார்களோ? கட்டுச் சோற்றை அங்கேயே ஏதாவது நிழலில் பிரிக்கலாம் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் எனக்கென்னவோ, அந்த வயலைத் தாண்டி வந்து பிரிப்பதுதான் சரி என்று படுகிறது.

காஞ்சீபுரம் சேரும்போது மத்தியானம் ஆகியிருக்கும், கோவில்கள் சாத்தியிருப்பார்கள். மாலை வரை என்ன செய்வது என்று வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடை திறந்ததும் வைகுந்தப் பெருமாள் கோவிலுக்குப் போங்கள். உட்பிராகாரச் சுவர் நெடுகப் பல்லவர் சரித்திரத்தைச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். யானை, குதிரை, யுத்தம், பட்டாபிஷேகம் எல்லாம் இருக்கின்றன. காசாக்குடிச் செப்பேட்டை வெளியிட்ட நந்திவர்ம பல்லவமல்லனே இந்தக் கோவிலையும் கட்டியவன். காலையில் வெறும் வயலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய குழந்தைகளை இங்கே கொண்டு வந்து நிறுத்தினால், 'எந்த யானை யாருடையது?' என்று கேட்காமல் விட மாட்டார்கள்.

திரும்பும் வழியில் சொல்ல இன்னும் ஒரு கதை பாக்கி. ஹைதரின் குதிரைப் படை சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களை எரித்துப் பாழாக்கியது. கும்பினிக்குத் தானியமும் தீவனமும் கிடைக்கக் கூடாது என்பது யோசனை. விதைக்கவோ அறுக்கவோ ஆளில்லாமல் போயிற்று, பஞ்சம் வந்தது. கிராமத்துப் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக் கொண்டு பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். 1782-ல் சென்னையில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். பின்னால் அதையொட்டி வைத்தியசாலை வந்தது. அதுதான் வளர்ந்து வடசென்னையின் ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. அந்தப் பக்கத்துப் பழைய மனிதர்கள் வாயில் அதற்குக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் பெயர்.