சபர்மதிக் கரை – 6: நூறு வயது வரை காத்திருக்க முடியாத கட்டடங்கள்

சென்ற வாரம் பழைய அகமதாபாத்தின் போள்கள் எனும் குடியிருப்புத் தெருக்களில் நடந்தோம். மரச் செதுக்கல் நிறைந்த அந்த வீடுகளையும் சேர்த்துத்தான் 2017-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்த வாரம் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்திருக்கிறேன். இங்கே நான் பார்க்க வந்தவை எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் எழுந்தவை. நம் அப்பாக்களின் வயதுதான் இவற்றுக்கு.

முதலில் ஆசிரமச் சாலையில் உள்ள ஆத்மா ஹவுஸ். 1950-களின் தொடக்கத்தில் நகரத்து நூற்பாலை முதலாளிகள் தங்கள் சங்கத்துக்காக லெ கார்பூசியேவை அழைத்து எழுப்பிய கட்டடம், 1954-இல் முடிந்தது. சாலையிலிருந்து ஒரு நீண்ட சாய்தளம் நம்மை நேரே முதல் மாடிக்கு ஏற்றிவிடுகிறது. மேற்கு முகம் முழுக்கச் சாய்வாக நிறுத்திய கான்கிரீட் பலகைகள். மாலை வெயில் அவற்றில் பட்டு நின்றுவிடுகிறது, காற்று மட்டும் உள்ளே வருகிறது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் குஜராத்தின் கோடையைப் புரிந்துகொண்டு போட்ட கணக்கு அது. கிழக்கு முகம் ஆற்றைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அன்று இங்கிருந்து பார்த்தால் ஆற்று மணலில் துணிகளை அலசிக் காயப்போடுவது தெரியுமாம். நகரத்தின் தொழிலே அந்தச் சட்டத்துக்குள் காட்சியாக இருந்திருக்கிறது. பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின, ஆற்றங்கரையும் கான்கிரீட் நடைபாதையானது. அந்தக் காலத்தை இன்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் இந்தச் சுவர்தான் இருக்கிறது. சென்டரிங் பலகையின் மரவரி அதில் அப்படியே பதிந்திருக்கிறது.

பால்டியில் இருக்கும் சன்ஸ்கார் கேந்திராவும் அதே கார்பூசியே அதே பத்தாண்டில் வடிவமைத்த அருங்காட்சியகம். தூண்கள் மேல் தூக்கி நிறுத்திய செங்கல் பெட்டகம். ஆனால் அது பல ஆண்டுகளாகச் சிதைவோடு போராடி வருகிறது. ஒரே கை, ஒரே நகரம், ஒரே பருவமழை. ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி மூப்படையவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போனேன்.

வஸ்திராபூரில் இந்திய மேலாண்மைக் கழகம். முன் அனுமதி பெற்று, இங்கே கட்டடக்கலை படிக்கும் மதுரைப் பெண் ஒருத்தியின் துணையோடு உள்ளே நுழைந்தேன். 1962-இல் பாலகிருஷ்ண தோஷியின் முயற்சியால் அமெரிக்காவிலிருந்து லூயி கான் வந்து வடிவமைத்த வளாகம் இது. பூச்சு இல்லாத செங்கல், ஆள் உயரத்தைத் தாண்டிய வட்டத் திறப்புகள், அவற்றின் வழியே விழும் நிழல்.

“இந்த வளைவைப் பாருங்கண்ணா,” என்று அவள் ஒரு திறப்பைக் காட்டினாள். தட்டையான செங்கல் வளைவு இரு பக்கமும் விரியப் பார்க்கும். அதை விரியவிடாமல் கீழே ஒரு கான்கிரீட் விட்டம் இழுத்துப் பிடித்திருக்கிறது. எது எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்பதைச் சுவரே சொல்லிக்கொடுக்கிறது. இந்த வளாகத்தின் வேலையாக அகமதாபாத் வந்து திரும்பும் வழியில்தான் 1974 மார்ச்சில் நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் உயிர்விட்டார்.

2020 டிசம்பரில் இங்குள்ள 18 விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஒழுகல், விரிசல், 2001 பூகம்பத்தின் பாதிப்பு, மாணவர்களின் பாதுகாப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கானின் பிள்ளைகள் மூவரும் கடிதம் எழுதினார்கள். 2021 புத்தாண்டு அன்று அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆனால் 2022-இல், சில கட்டடங்களைத் திரும்பக் கட்ட வேண்டும் என்ற பேச்சு மறுபடி எழுந்தது.

நிர்வாகத்தின் கவலை பொய்யில்லை. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் மேலிருக்கும் கான்கிரீட்டையும் பக்கத்துச் செங்கல்லையும் பிளக்கும். அந்தப் பிளவில் மழை இறங்கும், துரு இன்னும் வேகமாகப் பரவும். எனவே முதல் விரிசலிலேயே அடைத்தால் சிறு செலவோடு போகும். இருபது வருடம் விட்டால் இடிப்பதே மலிவு என்று பொறியாளர் அறிக்கை வரும்.

அதே வளாகத்தில் விக்ரம் சாராபாய் நூலகம் நிற்கிறது. அதே செங்கல், அதே வளைவு. பிருந்தா சோமையாவின் நிறுவனம் அதைச் செப்பனிட்டது. 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. முடியாது என்று சொன்ன காரியம் முடிந்திருக்கிறது என்பதை அதன் படிகளில் நின்று பார்த்தபோது மனம் நிறைந்தது.

டெல்லிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972 கண்காட்சிக்காகப் பிரகதி மைதானத்தில் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ், எஃகு கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் தொழிலாளர்கள் கையால் வார்த்த கான்கிரீட் சட்டகம். 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடிக்கப்பட்டது. அறுபது வயது ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியமாகக் கருத முடியாது என்று அங்கே சொல்லப்பட்டது. தொல்லியல் சட்டமோ நூறு வயது கேட்கிறது. கான்கிரீட்டுக்கு ஆபத்தான வயது நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் வருகிறது. சட்டம் கண் திறக்கும் முன்பே கட்டடம் போய்விடுகிறது.

இதற்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டினார். 1940-களில் முடிந்த அது இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. கானின் விடுதிகளைவிட மூத்தது. கடற்காற்றின் உப்பு வேறு. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பத் திருப்பும் பலகைகள் இன்றும் திரும்புகின்றன. ஆசிரமவாசிகள் அதை அன்றாடம் துடைத்து, பழுது பார்த்து, தங்கள் ஆன்மிகப் பயிற்சியின் பகுதியாகவே பேணுகிறார்கள்.

நம் கோயில்கள் ஆயிரம் ஆண்டு நிற்பதற்குக் கல் மட்டும் காரணமில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது. விமானத்தில் முளைத்த செடியைப் பிடுங்கவும், சுதையைப் புதுப்பிக்கவும், ஒழுகலை அடைக்கவும் ஊரே நாள் குறிக்கிறது. அந்த முறையை நாம் கட்டிய நூலகத்துக்கும் கல்லூரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் கொடுக்காமல் விட்டோம். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைத்தோம், அடுத்த திருப்பணிக்கு நாள் குறிக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு நகராட்சியும் 1947-க்குப் பிறகு எழுந்த தன் முக்கியக் கட்டடங்களை வயது பார்க்காமல் பட்டியலிட வேண்டும். வரைபடங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு ஒதுக்கி, குறித்த ஆண்டில் விரிசலையும் துருவையும் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பவர்களின் வசதிக்காக மாற்றங்கள் வரட்டும். குடியிருப்பவர் இல்லாத கட்டடம் சீக்கிரம் சாகும். சுதந்திர இந்தியா தன்னை எப்படிக் கற்பனை செய்தது என்பதற்குச் சாட்சி இந்தச் சுவர்கள். அவற்றைப் பழமையாக்கி நம் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பொறுப்பு, அவை இளமையாக இருக்கும்போது வாழும் நம்முடையது.

அடுத்த வாரம் வடக்கே, சண்டிகருக்குப் போவோம். அங்கே ஒரு நகரமே இந்தக் கேள்வியோடு வாழ்கிறது.

(பயணம் தொடரும்)