சோளகக் காற்றும் பழைய வானும்

மடுத் திருப்பதியின் ஆவணித் திருவிழாவுக்கென யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் புறப்பட்டோம். யப்பானிலிருந்து இறக்குமதியான பழைய வான் அது. உள்ளே பதினொருவர், கூரைமேல் அரிசி மூடை, பானை சட்டி, கூடாரத் துணி, தண்ணீர்க் கலன்கள்.

பளைவரை தென்னந்தோப்புகள் காற்றை மறைத்தன. ஆனையிறவிலோ இருமருங்கும் கடலேரி, மறைப்பென்று ஏதுமில்லை. வலப்புறமிருந்து சோளகம் மோத, வான் இடப்பக்கம் ஒதுங்கியது. சாரதி மறுபுறம் திருப்பவே, மேற்பாரம் சாய்ந்து வான் தொட்டில்போல் ஆடிற்று. எதிரே பாரவூர்தி! பிள்ளைகள் அலறினர்.

முதியவரான சாரதி பிரேக்கைச் சட்டென மிதிக்கவில்லை. வேகத்தை மெல்லத் தணித்து, தாம்போதியைக் கடந்து, ஓரமாக நிறுத்தினார்.

"வானில் குற்றமில்லை, தம்பி, ஏற்றிய பாரத்தில்தான்" என்றார்.

உண்மைதான். ஹயஸ், டெலிகா போன்ற பழைய வான்களில் இயந்திரம் முன்னிருக்கையின் கீழேயே உள்ளது. உயர்ந்த, தட்டையான பக்கங்கள் பாய்மரம்போற் காற்றை வாங்கும். கூரையில் பாரம் ஏற ஏறப் புவியீர்ப்பு மையம் உயரும், சாய்வும் மிகும். ரயரில் காற்றுக் குறைந்தாலோ, அதிர்வுதாங்கிகள் தேய்ந்தாலோ ஆட்டம் இன்னும் கூடும்.

மூடையையும் கலன்களையும் இறக்கி இருக்கைகளின் கீழ் வைத்தோம். கிளிநொச்சியில் ரயர்களைப் பார்த்தபோது பின்சக்கரம் ஒன்றில் காற்றுக் குறைந்திருந்தது. அதையும் நிரப்பிக்கொண்டு நிதானமாகச் சென்றோம்.

கால் நீட்ட இடமின்றிப் பிள்ளைகள் முணுமுணுத்தனர். பொழுது சாய்ந்தபின்னரே மடுவை அடைந்தோம். ஆயினும் பதினொருவரும் நலமாக இறங்கினோம். பயணம் புறப்படும் குடும்பத்தினரே, ஏறுமுன் ஒருமுறை கூரையை அண்ணாந்து பாருங்கள்.