வேல் கொடுத்த தாயும் விடை கொடுத்த தாயும்

பள்ளிப் பருவத்தில் மேடையேறி நாம் பெற்ற முதற்பரிசு, ஒக்கூர் மாசாத்தியார் படைத்துக் காட்டிய புறநானூற்றுத் தாயைப் பற்றிப் பேசியதற்காகக் கிடைத்தது. தன் குடும்பத்து ஆடவர் இருவரைக் களத்தில் இழந்த பின்னும், எஞ்சிய ஒரே மகனின் தலையை வாரிவிட்டு, கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பிய அம்மறக்குடி மகளை நாம் வாயாரப் புகழ்ந்தோம். அவையோர் கைதட்டினர். முன்வரிசையில் அமர்ந்திருந்த நம் அன்னையாரும் கைதட்டினார்.

ஆண்டுகள் உருண்டன. 1999ஆம் ஆண்டு, கார்கில் மலைமுகடுகளில் போர் மூண்டிருந்த வேளை. பி.ஏ. தேறி வேலை தேடிக்கொண்டிருந்த நாம், நம் மாவட்டத்தில் நடந்த படைக்கு ஆள்சேர்ப்பு முகாமில் ஓடியும் தாண்டியும் தேறி வீடு திரும்பினோம். செய்தி கேட்ட அன்னையார் அன்றிரவு அடுப்பு மூட்டவில்லை. “உன்னை விட்டால் எனக்கு யாரடா இருக்கிறார்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாம் படைக்குச் செல்லவில்லை. தேர்வெழுதி, மைய அரசின் எழுத்தராகித் தலைநகர் வந்து சேர்ந்தோம். அன்று செய்தது சரியா, தவறா என்னும் வினா, கோப்புக் கட்டின் அடியில் கிடக்கும் பழைய தாளைப்போல் நம்முள் கிடந்தது. அதை உருவி மேலே வைத்தவர் ஒரு கொரியத் தாய்.

நொய்டாவில் நாம் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் மேல் மாடிக்குக் கொரியக் குடும்பம் ஒன்று வந்தது. குடும்பத் தலைவர் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றினார். அவர் மகனுக்கும் நம் மகனுக்கும் ஒரே வயது. இருவரும் மொட்டை மாடியில் கிரிக்கெட் ஆடுவர். நம் மகனின் நண்பர்களைப் பார்த்து அவனும் நம்மை ‘மாமா’ என்றே அழைத்தான். பெண்கள் இருவரும் அரைகுறை இந்தியில் பேசிக்கொள்வர். மாங்காய் ஊறுகாய் மேலே போகும். கிம்ச்சி கீழே வரும்.

2022ஆம் ஆண்டு இறுதியில் அவ்விளைஞன் விடைபெற வந்தான். “மாமா, டிசம்பரில் படையில் சேர வேண்டும். அழைப்பு வந்துவிட்டது” என்றான். அதே டிசம்பர் 13ஆம் நாள், உலகப் புகழ்பெற்ற பி.டி.எஸ். இசைக்குழுவின் மூத்த பாடகர் ஜின்னும் படையில் சேர்ந்தார். நம் மகள் ஜின்னுக்காக இரண்டு நாள் அழுதாள். மேல் மாடிப் பையனுக்காக யாரும் அழவில்லையே என்று நாம் கேலி செய்தோம். அக்கேலிக்காகப் பின்னர் நாணினோம்.

தென் கொரிய அரசமைப்பின் 39ஆம் பிரிவு, நாட்டைக் காப்பது குடிமக்கள் அனைவரின் கடமை என்கிறது. எனினும் கட்டாயம் ஆடவர்க்கு மட்டுமே. பத்தொன்பதாம் வயதில் உடற்பரிசோதனை. பொதுவாக 28 வயதிற்குள் பணியில் சேர்ந்தாக வேண்டும். தரைப்படையில் 18 மாதங்கள், கடற்படையில் 20, வான்படையில் 21. 1950 ஜூன் 25 அன்று மூண்ட கொரியப் போர், 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த உடன்படிக்கையோடு நின்றது. அமைதி ஒப்பந்தம் இன்றளவும் கையெழுத்தாகவில்லை. நான்கு கிலோமீட்டர் அகல எல்லைப் பட்டை இரு நாடுகளையும் பிரிக்கிறது. தலைநகர் சியோலிலிருந்து அவ்வெல்லை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். நொய்டாவிலிருந்து மீரட் செல்லும் தொலைவினும் குறைவு.

அந்தப் போரில் நமக்கும் பங்குண்டு. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் நாட்டின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950இல் அங்குச் சென்று காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்தது. நாம் கொண்டு சென்றது மருந்து. அவர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்து வருவது பிள்ளை.

இக்கடமையில் செல்வரும் வறியரும் ஒன்றே என்பது அந்நாட்டார் போற்றும் நெறி. ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டில் தங்கமோ வென்றோர்க்கு விலக்கு உண்டு. 2018இல் தங்கம் வென்ற கால்பந்து வீரர் சோன் ஹியுங்-மின், படையில் மூன்று வாரப் பயிற்சி மட்டுமே பெற்றார். மாறாக, படையில் சேராமல் 2002இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற புகழ்மிக்க பாடகர் ஒருவர், தாய்நாட்டில் கால்வைக்க இயலாதவர் ஆனார்.

நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராது என்று மறுத்த ஆயிரக்கணக்கான இளைஞர் சிறை சென்றனர். 2018இல் அரசமைப்பு நீதிமன்றம் மாற்றுப்பணிக்கு வழிசெய்ய ஆணையிட்டது. 2020 முதல் அவர்கள் சிறைச்சாலைகளில் 36 மாதங்கள் ஊழியம் செய்கின்றனர்; படைப்பணியைப்போல் இருமடங்கு! படைமுகாமிலும் துயர் உண்டு. 2014இல் மூத்த வீரர்கள் அடித்து இளம் வீரன் ஒருவன் மாண்ட செய்தி அந்நாட்டை உலுக்கியது.

மகனை அழைத்துக்கொண்டு தந்தை சியோல் சென்றார். இளைய மகளின் தேர்வை முன்னிட்டுத் தாய் இங்கேயே தங்கினார். அவன் படையில் சேர்ந்த அன்று மாலை அவர் நம் சமையலறைக்கு வந்து தரையில் அமர்ந்தார். “உரிப்பதற்குப் பூண்டு கொடுங்கள்” என்றார். நம் இல்லத்தரசி ஒரு முறம் நிறையக் கொடுத்தாள். நெடுநேரம் பேச்சில்லை. பின்னர் அலைபேசியில் மழித்த தலையோடு மகன் நின்ற படத்தைக் காட்டினார்.

“இவன் தாத்தா போனார், இவன் அப்பா போனார். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பகைவனைப் பற்றிய அச்சமும் இல்லை. கூட இருப்பவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டுமே என்றுதான் கவலை” என்றார். பிறகு நம்மை நிமிர்ந்து பார்த்து, “நீங்கள் படையில் இருந்தீர்களா?” என வினவினார்.

“இல்லை. தேறினேன், அம்மா தடுத்துவிட்டார்” என்றோம்.

உரித்த பூண்டை முறத்தில் இட்டுவிட்டுச் சற்றே சிந்தித்தார். “கொடுத்து வைத்தவர்” என்றார். அது நம்மைக் குறித்த சொல்லன்று. நம் அன்னையாரைக் குறித்தது.

2024 ஜூலையில் அவன் நலமாகத் திரும்பி வந்தான். தோள் அகன்றிருந்தது; பேச்சு குறைந்திருந்தது. விடியுமுன் எழுந்து போர்வையை மூலை பிசகாமல் மடித்து வைக்கிறான் என்று அவன் தாய் சொன்னார். பெருமையா, வருத்தமா என்று அக்குரலில் பிரித்தறிய இயலவில்லை. அன்றிரவு நம் மகன், “அப்பா, இங்கும் அப்படிச் சட்டம் இருந்தால் என்னை அனுப்புவீர்களா?” என்றான். நமக்கு விடை வரவில்லை.

மறுநாள் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகையில் அன்னையாரிடமே கேட்டோம். “அம்மா, பள்ளி மேடையில் மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பற்றிப் பேசினேனே, அன்று நீயும் கைதட்டினாயே?”

மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. “நீ பேசியதற்காகத் தட்டினேனடா. அவள் அனுப்பியதற்காகவா தட்டினேன்?”