பெரிய தாத்தாவுக்கு ஒரு வெயில் கணக்கு

நம்ம பிள்ளைகளுக்கும் ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கும் பேசிக்க என்ன இருக்கு? வாட்ஸ்அப்ல "சாப்டியா கண்ணு?", "சாப்ட்டேன் தாத்தா". அதோட போன் நம்ம கைக்கு வந்துடும். போன ஏப்ரல் வரைக்கும் எங்க வீட்டுலயும் இதே கதைதான்.

ஒட்டன்சத்திரம் பக்கத்துல என் பெரியப்பாவுக்கு ஒரு ஏக்கர் தக்காளி. போர்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே வருது. தினமும் எவ்வளவு பாய்ச்சறதுன்னு அவர் கவலைப்பட்டதை, ஃப்ரீமாண்ட்ல ஏழாவது படிக்கிற என் பையன் கேட்டுக்கிட்டிருந்தான். "எவ்வளவு வெயில் அடிச்சுதுன்னு அளந்தா தெரியுமே?" என்றான்.

கலிஃபோர்னியாவில் இது சுலபம். 1982-ல் தொடங்கிய சிமிஸ் என்ற அமைப்பின் நிலையங்கள் வெயில், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாத்தையும் அளந்து, அன்றைக்கு நிலம் எவ்வளவு தண்ணி இழந்ததுன்னு விவசாயிகளுக்குச் சொல்லுது. பெரியப்பாகிட்ட வெயிலை அளக்கற கருவி இல்ல. பகல் உச்ச வெப்பமும் இரவுக் குறைந்த வெப்பமும் மட்டும் தெரியும்.

அது போதும்னு 1980-களிலேயே காட்டியவர்கள், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹார்கிரீவ்ஸும் சமானியும். இதைச் சொன்னதும் பெரியப்பா சிரிச்சார். "மூட்டமா இருந்தா பகல்ல காயாது, ராத்திரி புழுங்கும். இது தெரியாதா?" சூத்திரம் சொல்றதும் அதைத்தான். மேகம் இருந்தா ரெண்டு வெப்பத்துக்கும் இடைவெளி சுருங்கும். வானம் தெளிவா இருந்தா விரியும்.

அந்த இடைவெளியின் வர்க்கமூலத்தை 0.16-ஆல் பெருக்கணும். கடலோரம்னா 0.19. பகல் 34 டிகிரி, இரவு 25 டிகிரின்னா இடைவெளி 9, வர்க்கமூலம் 3, விடை 0.48. வளிமண்டலத்துக்கு மேல வந்து சேர்ற வெயில்ல சுமார் பாதி தரைக்கு வந்திருக்கு. மேல எவ்வளவு வரும்ங்கறதை அட்சரேகையும் தேதியும் சொல்லிடும். ஏப்ரல்ல அந்த ஊருக்குச் சதுர மீட்டருக்கு 38 மெகாஜூல்.

இதோட சராசரி வெப்பத்தையும் சேர்த்தா, நிலம் இழக்கற தண்ணி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு 20,000 லிட்டர். 29-ம் 25-மா இருக்கற மூட்டமான நாள்ல 12,000-தான். பயிரோட வயசைப் பார்த்து இதைக் கூட்டிக் குறைச்சுக்கணும். ஒரு நாள் கணக்கு தப்பலாம். ஒரு வாரச் சராசரியை ஓரளவு நம்பலாம்.

இப்போ ஞாயிறு காலையில பையன் அந்த வாரக் கணக்கைச் சொல்றான். பெரியப்பா கேட்டுக்கறார். ஆனா மண்ணைக் கையில அள்ளிப் பிசைஞ்சு பார்த்துட்டுதான் மோட்டார் போடறார். ரெண்டும் ஒத்துப்போகாத வாரம் ரெண்டு பேரும் அரைமணி நேரம் வாதாடறாங்க, தமிழ்ல. மூட்டம், புழுக்கம், ஈரப்பதம் எல்லாம் அவனுக்கு அங்கதான் வந்துது.

உங்க ஊர்லயும் நிலத்தைப் பார்த்துக்கற ஒரு பெரியவர் இருப்பார். இந்த வாரம் பிள்ளையை விட்டு, அங்க நேத்து பகல் எவ்வளவு, ராத்திரி எவ்வளவுன்னு கேட்கச் சொல்லுங்க.