தேயிலைத் தூரில் ஒரு புதையல்

புதையல் தேடுவது மனிதனுக்கு மிகப் பழைய ஆசை. ஆனால் புதையல் இருக்கும் இடத்தைப் பாகை, கலைக் கணக்காக முன்கூட்டியே சொல்லிவிட்டு, "முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று அறைகூவும் விளையாட்டு நமது காலத்தில்தான் பிறந்தது. மேல்நாட்டார் அதனை ஜியோகாஷிங் என்பர். நாம் 'புவிப்புதையல் வேட்டை' என்று வைத்துக்கொள்வோம்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் ஓயாது சமிக்ஞைகளை அனுப்புகின்றன. நான்கு கோள்களின் சமிக்ஞை கிட்டினால் போதும். நம் கையிலுள்ள தொலைபேசி, நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணித்துவிடும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கிற்று. அம்மாதம் 3ஆம் திகதியே ஒறிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர், ஒரு கறுப்பு வாளியில் குறிப்புப் புத்தகத்தையும் சில சில்லறைப் பொருள்களையும் வைத்து மறைத்து, அதன் இடக்குறிப்பை இணையத்தில் வெளியிட்டார். கண்டெடுப்பவர் பெயரை எழுத வேண்டும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இன்று உலகெங்கும் முப்பது இலட்சம் அளவிலான பெட்டிகள் இவ்வாறு மறைந்து கிடக்கின்றன.

இந்த விளையாட்டை நம் மலைநாட்டில் ஒருநாள் ஆடிப் பார்க்க இரண்டு குடும்பங்கள் புறப்பட்டோம். நண்பர் குடும்பம் முதல்நாளே சென்று, தோட்டத்தாரின் அனுமதி பெற வேண்டிய இடத்தில் அதைப் பெற்று, மூன்று தகரப் பெட்டிகளை மறைத்துவிட்டு இடக்குறிப்புகளை மட்டும் எங்களிடம் தந்தது. நாங்கள் சென்றது வாடகைக்கு அமர்த்திய ஒரு வீட்டுவண்டி. கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட அந்த வண்டி, சமவெளியில் ஓர் அரண்மனை. மலைவளைவுகளில் ஒரு சோதனை! எதிரே பஸ் வரும்போதெல்லாம் அடுப்பங்கரைப் பாத்திரங்கள் ஒன்றுகூடி ஓலமிட்டன.

காலை எட்டு மணிக்கு ஹட்டன் நகரை விட்டோம். வடக்கு அகலக்கோடு ஏறக்குறைய 6 பாகை 53 கலை. கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 36 கலை. 1884இல் புகையிரதம் வந்து சேர்ந்தபின் சுற்றுப்புறத் தோட்டங்களுக்கெல்லாம் வாயிலாக வளர்ந்த ஊர் இது. கொட்டகலையைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் டெவன் அருவி தென்பட்டது. 97 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளைச் சேலையை உதறிவிட்டாற்போல் விழும் அருவி. தொலைபேசி எங்களை வீதியோரத்துக்கு அழைத்துச் சென்று, "வந்துவிட்டீர்கள்" என்று கைவிரித்துவிட்டது. மலையிடுக்குகளில் சமிக்ஞை பாறைகளில் பட்டுத் திரும்புவதால் சில மீற்றர் பிசகுவது இயல்பு. மிச்சத்தைக் கண்தான் தேட வேண்டும். கால்மணி நேரத்தின்பின் கல்லடுக்குக்குள் இருந்த பெட்டியை என் மகள் கண்டெடுத்தாள்.

இரண்டாவது பெட்டி, தலவாக்கலைக்கு இப்பால் செயின்ட் கிளேயர் அருவி தெரியும் மேட்டில் இருந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் ஆற்றுநீரைச் சுரங்கவழியே கொண்டுசெல்வதால், அருவிக்கு இப்போது கிடைப்பது அளந்துவிடும் நீரே. அப்படியும் அதன் அகன்ற அழகு முற்றாகக் குன்றவில்லை. ஊரைத் தாண்டினால் 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தன் தோட்டத்துடன் பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறது.

மூன்றாவது இடக்குறிப்பு லிந்துலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே ஒரு தோட்டத்து லயத்தருகே கொண்டுபோய் விட்டது. கொழுந்து மடுவத்தின் பக்கம் நாங்கள் குனிந்து தேடுவதைப் பார்த்து, வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் விசாரித்தார்.

"புதையல் தேடுகிறோம், பாட்டி" என்றாள் என் மகள்.

மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். "அதைச் சொல்லித்தானே கண்ணு எங்க பாட்டனையும் கூட்டியாந்தாங்க! கண்டிச் சீமையிலே தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கெடைக்கும்னு கங்காணி சொன்னாராம். தோண்டினது தோண்டினதுதான்!"

மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி இது. தஞ்சம் தேடிப் பஞ்ச காலத்தில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிறங்கி, காடுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். மிஞ்சியவர்கள் முதலில் கோப்பியையும், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலையையும் நட்டனர். தேடிவந்த புதையலை அவர்களே மண்ணில் விளைத்தார்கள். அதை அள்ளிச் சென்றவர்கள் வேறு யாரோ.

பெட்டி அகப்பட்டது. மூதாட்டியின் பேத்தி, பத்தாம் வகுப்பு மாணவி, எங்களுடன் சேர்ந்து குறிப்புப் புத்தகத்தில் பெயர் எழுதினாள். அவளுக்குக் கதைப்புத்தகம் ஒன்றைத் தபாலில் அனுப்புவதாக என் மகள் வாக்களித்து முகவரி கேட்டாள். தந்தையின் பெயர், டிவிஷன், தோட்டம், தபாற்கந்தோர் என்று அவள் எழுதினாள்.

"வீட்டு இலக்கம்?"

"அது இல்லீங்க அக்கா. லயத்துல எல்லாருக்கும் இதே விலாசந்தான். கடுதாசி ஒபீசுக்குப் போகும். அங்கேருந்து யாராச்சும் கொண்டாந்து தருவாங்க. அண்ணனுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடுதாசி, நாள் முடிஞ்ச பெறகுதான் கெடைச்சிச்சு."

மலைக்கு நம்பர் உண்டு. லயத்துக்கு நம்பர் உண்டு. செக்ரோலில் ஆளுக்கும் நம்பர் உண்டு. வேலை வாங்குவதற்கு வேண்டிய இலக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. கதவில் எழுத ஓர் இலக்கந்தான் இல்லை. நாங்கள் மறைத்த தகரப் பெட்டிக்கு, சில மீற்றருக்குள் சுட்டிக்காட்டும் விலாசம் இருந்தது. பக்கத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இல்லை!

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் பாதையிலேயே பலர் நடந்தார்கள். குடியுரிமை நாட்டில் இடம் தருவது. காணியும் விலாசமும் ஊரில் இடம் தருவன. நாட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஊரில் கிடைப்பது பலருக்கு இன்னும் பாக்கி.

புறப்படும்போது அந்த மாணவி தொலைபேசியை வாங்கி, தன் காம்பரா வாசலில் நின்று, திரையில் தெரிந்த இலக்கங்களைத் தன் பாடப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் பெயருக்குக் கீழே கவனமாக எழுதிக்கொண்டாள். தபாற்காரருக்கு அந்த இலக்கங்கள் உதவா. ஆயினும் அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி.

மாலை நான்கு மணிக்கு நுவரெலியாவில் வீட்டுவண்டியின் அடுப்பில் தேநீர் கொதித்தது. பிதுருதலாகலை மேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. இம்மலைகளிலிருந்து எடுத்தவற்றுக்கு ஈடாக வைப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. கதவுக்கு ஓர் இலக்கம் அவற்றுள் மிகச் சிறியது, அதிலிருந்தே தொடங்கலாம்.