கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு கார்

ஜனவரி 5, கோவென்ட்ரி, இங்கிலாந்து

தம்பி வந்ததும் வராததுமாகச் சேஸிஸ் பேச்சை எடுத்தான். "அக்கா, முதல்ல சேஸிஸை வாங்கிப் போட்டுடுவோம். கண்ணு முன்னாடி கிடந்தா வேலை தானா நடக்கும்."

லோட்டஸ் செவன் வடிவத்தில் ஒரு காரைச் சொந்தக் கையால் கட்டி ஓட்ட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நெடுநாள் ஆசை. நீண்ட மூக்கு, கையை நீட்டினால் தரையைத் தொடும் இருக்கை, வெளியே தெரியும் முன்சக்கரங்கள். ஆனால் பாதியில் நின்றுபோன கார்களை விற்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். சேஸிஸ் பளபளவென்று இருக்கும். பணம் அதோடு தீர்ந்திருக்கும்.

"பொறுடா" என்று ஐவிஏ கையேட்டை அவன் கையில் கொடுத்தேன். இந்த நாட்டில் வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர வேண்டுமானால் அந்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். ஆலையில் தரப் பரிசோதனைதான் என் வேலை. ஒரு பொருளைக் கடைசியில் யார், எதை வைத்து அளக்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டுதான் நாங்கள் முதல் துண்டை வெட்டுவோம். காருக்கும் அப்படியே செய்யப் போகிறேன்: கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு.

ஜனவரி 12

இன்று முழுக்கப் பழைய கதைகள். 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் செவனைக் கொண்டுவந்த காலத்தில், முழுதாகச் செய்து விற்கும் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக விற்றால் கிடையாது. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கூடவே தரக்கூடாது. அதனால் லோட்டஸ், காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துப் பூட்டிக்கொண்டதாகவும் இத்துறையில் இன்றும் சொல்லி மகிழ்வார்கள். 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டில் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. வரிக்காகத் தொடங்கிய பழக்கம் வரி போன பிறகும் ஓயவில்லை. காசு மிச்சமாவதற்காக மட்டும் யாரும் குளிரில் கராஜில் நிற்பதில்லை.

1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் எழுதிய புத்தகம், 250 பவுண்டுக்கே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொன்னது. ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாயை அறுத்து வெல்டிங் செய்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் அதில் இறக்கும் முறை அது. லோகாஸ்ட் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அன்றைக்குத் துருப்பிடித்த எஸ்கார்ட் மலிந்து கிடந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள இரண்டாம் மாடல் எஸ்கார்ட் ஒன்றின் விலை, நாங்கள் கட்டப்போகும் முழுக் காரின் விலையைத் தாண்டும். ஆகவே அந்தப் புத்தகத்தின் விலையை விட்டுவிட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இன்று எது மலிந்து கிடக்கிறதோ அதைச் சுற்றிக் காரைக் கட்டு.

ஜனவரி 26

கையேட்டை இரண்டாம் முறை படித்து முடித்தேன். எனக்கு மிகவும் பிடித்தது வெளிப்புற முனைகளைப் பற்றிய பகுதி. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றைக் காரின் உடலில் உருட்டிப் பார்ப்பார்கள். அது தொடக்கூடிய கெட்டியான விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். பாதசாரி மீது இடித்தால் கிழிக்கக் கூடாது என்பதுதான் காரணம். இதை வெறும் தொந்தரவு என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தெருவில் நடந்து போகிறவருக்காக எழுதப்பட்ட விதி அது.

ஆனால் அந்த ஒரு விதி எத்தனை செலவாக மாறுகிறது! செவன் வடிவக் காரில் முன் சஸ்பென்ஷன் திறந்தே இருக்கிறது. அங்குள்ள நட்டுகளுக்கு மூடி, தகட்டு விளிம்புகளுக்கு ரப்பர், விளக்குத் தாங்கிக்கும் கண்ணாடித் தாங்கிக்கும் உருண்ட முனை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறை. மொத்தமாகக் கூட்டினால் ஒரு ஜோடி டயர். அடுத்தது சத்தம்: வரம்பு 99 டெசிபல். மலிவான சைலன்சர் வாங்கி, தேறாமல், நல்லது வாங்கினால் இரட்டைச் செலவு. முதலிலேயே நல்லது என்று குறித்துவிட்டேன். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக வேண்டும் என்ற விதியும் உண்டு. அதற்குச் சக்கரக் கோணங்களைச் சரியாக வைக்க வேண்டும், அந்தக் கூலியும் தாளில் ஏறியது. புகை அளவுக்கான வரம்பு எஞ்சினின் வயதைப் பொறுத்தது; வயதைக் காட்டச் சான்று வேண்டும்.

சோதனைக் கட்டணம் 450 பவுண்டு, மறுசோதனைக்கு 90. இரண்டையுமே எழுதியிருக்கிறேன். தம்பிக்கு வருத்தம். "ஃபெயில் ஆவோம்னு இப்பவே எழுதணுமா அக்கா?" எழுதத்தான் வேண்டும். அந்த 90 பவுண்டு தாளில் இருந்தால் சோதனைக்கு நிம்மதியாகப் போகலாம்.

பிப்ரவரி 9

எந்தக் காரைப் பிரிப்பது என்பது முடிவாகிவிட்டது. மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்த கார். எஞ்சின் நெட்டாக முன்னால், உந்துவிசை பின்சக்கரத்துக்கு. செவனுக்குத் தேவையான அமைப்பு அப்படியே இருக்கிறது. இந்த நாட்டு மழையும் குளிர்காலச் சாலை உப்பும் அதன் அடித்தகட்டைத் தின்றுவிடும், எஞ்சினைத் தொடுவதில்லை. ஆண்டுச் சோதனையில் துருவால் தோற்று, வெல்டிங் செய்தாலும் கட்டுபடியாகாது என்று உரிமையாளர் கைவிடும் எம்எக்ஸ்-5தான் எங்களுக்கு வேண்டியது. எஸ்கார்ட் 1996-இல் இருந்த இடத்தில் இன்று அது இருக்கிறது.

விலையைவிட முக்கியம் பதிவுப் புத்தகம். புதிய சேஸிஸில் ஒரே காரிலிருந்து எடுத்த இரண்டு முக்கிய பாகங்களாவது இருந்து, அதைக் காகிதத்தில் காட்ட முடிந்தால், அந்தக் காரின் வயதுக்கேற்ற பதிவெண் கிடைக்கும். காட்ட முடியாவிட்டால் கியூ எழுத்தில் தொடங்கும் எண்தான். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மலிவாகப் பாகம் சேர்ப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். நாங்கள் ஒரே காரை முழுதாக வாங்குவோம். ரசீது ஒவ்வொன்றையும் கோப்பில் வைப்போம். கழற்றுவதிலிருந்தே படம் எடுப்போம்.

பிப்ரவரி 23

கணக்கு ஒரு வடிவத்துக்கு வந்தது. சேஸிஸும் உடல் தகடுகளும் சேர்ந்த தொகுப்புக்கு 3,400 பவுண்டு. பழைய காருக்கு 900. எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் புதுப்பிக்க 1,300. இருக்கை, பெல்ட், விளக்கு, கண்ணாடி 800. சோதனை, பதிவு, டிரெய்லர் வாடகை எல்லாம் சேர்த்து 700. சக்கரம், சைலன்சர், கருவிகள், பிரேக் பைப், ரிவெட், நட்டு போல்ட் எல்லாம் ஏறி 9,000-இல் நிற்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அந்த 3,400 மட்டும்தான். மொத்தத்தில் பத்துக்கு நான்கு பங்குகூட அது இல்லை.

நட்டு போல்ட்டுக்கும் பைப்புக்கும் மட்டும் 500 என்பதைப் பார்த்துத் தம்பி அதிகம் என்றான். செப்பு-நிக்கல் பிரேக் பைப், தரமான போல்ட்டுகள், அதிர்வில் கழலாத நட்டுகள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் விலை குறைப்பதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே இல்லை. பெயின்ட்டில் குறைக்கலாம், அலுமினியத் தகட்டை அப்படியே விட்டால் அதுவும் அழகுதான்.

எதிர்பாராததற்கு நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 1,350. அது தனிக் கணக்கில். எங்கள் இருவரின் சம்மதமும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

மார்ச் 2

கராஜை அளந்தோம். கார் நுழையும். சுற்றி வேலை செய்யப் பழைய அலமாரியை அகற்ற வேண்டும்.

மார்ச் 9

பணம் போகும் வரிசையையும் எழுதிவிட்டோம். முதலில் மாஸ்டா. அதைப் பிரித்ததும் எங்களுக்கு வேண்டாத கதவு, மடக்குக் கூரை, இருக்கைகளை விற்க வேண்டும். 400 பவுண்டு வந்தாலும் கருவிகளுக்கு ஆயிற்று. எஞ்சினின் நிலை தெரிந்த பிறகே சேஸிஸுக்கு முன்பணம். டயர் கடைசியில்: கார் ஓடாமல் நிற்கும் காலமெல்லாம் ரப்பருக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும். தம்பி தான் முதலில் கேட்ட சேஸிஸ் மூன்றாவதாக வந்திருப்பதைப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து, அந்த வரிக்கு மேலே "எஞ்சின் கம்ப்ரஷன் சோதனை" என்று அவனே எழுதினான்.

வரும் சனிக்கிழமை லெஸ்டர் பக்கம் 1996-ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 ஒன்றைப் பார்க்கப் போகிறோம், 1.8 லிட்டர் எஞ்சின். அடிப்பாகம் முழுக்கத் துரு என்று விற்பவரே சொல்லிவிட்டார். பதிவுப் புத்தகம் அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று நாளைக் காலையில் போன் செய்து கேட்க வேண்டும்.